கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம்

போன இதழில் அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றி எழுதும்போது, பிலடெல்பியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு அனுப்பப்பட்ட குவேக்கர்களை (போரையும் சத்தியம் செய்வதையும் மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினர்) இரண்டே வரியில் தாண்டிப் போய்விட்டோம். வாசகர்கள் விடவில்லை. வந்த கடிதங்களில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, இங்கே பதில்.

கேள்வி: "20 பேரை விசாரணை இல்லாமல் ஊரைவிட்டு அனுப்பினார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். யார் அனுப்பினார்கள், ஏன்? தேதிவாரியாகச் சொல்லுங்கள்.

1777 ஜூலையில் பிரிட்டிஷ் தளபதி ஹோவ் நியூயார்க்கிலிருந்து படையைக் கப்பலேற்றினார். எங்கே இறங்குவார் என்று ஒரு மாதம் யாருக்கும் தெரியவில்லை. ஆகஸ்ட் 25 அன்று மேரிலாந்தில் ஹெட் ஆஃப் எல்க் என்ற இடத்தில் இறங்கினார். அங்கிருந்து பிலடெல்பியா சில நாள் நடை. விடுதலைப் போரை நடத்திய அமெரிக்க மாகாணங்களின் பொதுச்சபையான காங்கிரஸ் கூடிக்கொண்டிருந்ததும் பிலடெல்பியாவில்தான். ஊரே கிலியில் இருந்தது.

அதே நேரத்தில் ஸ்டேட்டன் தீவில் திடீர்த் தாக்குதல் நடத்திய அமெரிக்கத் தளபதி சல்லிவன், அங்கே கிடைத்த சில தாள்களைக் குவேக்கர்களின் உளவு என்று சொல்லிக் காங்கிரஸுக்கு அனுப்பினார். ஜான் ஆடம்ஸ், வில்லியம் டூயர், ரிச்சர்ட் ஹென்றி லீ மூவரும் அவற்றைப் பரிசீலித்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று, 11 பேரைப் பெயர் சொல்லிப் பிடிக்கும்படி பென்சில்வேனியா அரசுக்குக் காங்கிரஸ் பரிந்துரைத்தது. பென்சில்வேனியாவின் உச்ச நிர்வாகக் கவுன்சில் அந்தப் பட்டியலை 41 பேராக நீட்டியது. செப்டம்பர் 2-ல் கைது தொடங்கியது. பிடிபட்டவர்களை ஃப்ரீமேசன் சங்கத்தின் மேசன் லாட்ஜ் கட்டடத்தில் அடைத்தார்கள். சிலர் உறுதிமொழி கொடுத்து வெளியே வந்தார்கள், சிலர் கைக்குச் சிக்கவில்லை. கடைசியில் செப்டம்பர் 11 அன்று 20 பேரை வண்டிகளில் ஏற்றினார்கள். பிராண்டிவைன் சண்டை நடந்ததும் அன்றுதான்.

20 பேரில் 17 பேர் குவேக்கர்கள். மற்றவர்களில் ஒருவர் நடனமும் வாள்வீச்சும் கற்றுக்கொடுப்பவர், தாமஸ் பைக். வாள்வீச்சு வாத்தியாரைப் போரை வெறுப்பவர்களோடு சேர்த்து ஒரே வண்டியில் அனுப்பியதிலிருந்தே பட்டியல் எவ்வளவு அவசரத்தில் போடப்பட்டது என்று தெரிகிறது.

இன்னொரு வேடிக்கை. ஊரைவிட்டு அனுப்பும் உத்தரவில் கையெழுத்திட்ட கவுன்சில் தலைவர் தாமஸ் வார்ட்டன் இளையவர். கைதானவர்களில் அவருடைய உறவினர் தாமஸ் வார்ட்டன் மூத்தவரும் உண்டு. கவுன்சில் செயலாளர் டிமத்தி மாட்லாக் 1765-ல் குவேக்கர் சபையிலிருந்து விலக்கப்பட்டவர். பங்காளிச் சண்டையின் வாடை இதில் இல்லை என்று சொல்ல முடியாது.

கேள்வி: அந்தத் தாள் போலி என்கிறார்கள். எதை வைத்து?

தாளிலேயே இருக்கிறது. "ஸ்பாங்க்டவுன் வருடாந்திரக் கூட்டம்" என்று கையெழுத்து. ஸ்பாங்க்டவுன் என்பது நியூஜெர்சியில் இன்றைய ராவே. அங்கே குவேக்கர்களுக்கு வருடாந்திரக் கூட்டம் என்று ஒன்று இருந்ததே இல்லை. வருடாந்திரக் கூட்டம் என்பது பல மாவட்டங்களுக்குப் பொதுவான தலைமை அமைப்பு. பென்சில்வேனியாவுக்கும் நியூஜெர்சிக்கும் சேர்த்து அது பிலடெல்பியா பெயரில்தான் இயங்கியது. குவேக்கர் எவரும் இந்தப் பிழையைச் செய்யமாட்டார்.

அடுத்தது தேதி. தாளில் ஆகஸ்ட் 19 என்று போட்டிருக்கிறது. ஆனால் ஹோவ் செசபீக் வளைகுடாவின் தலைப்பில் இறங்கிவிட்டதாகச் செய்தியும் அதே தாளில். அவர் இறங்கியதோ அதற்கு 6 நாள் கழித்து. மூன்றாவது, உள்ளடக்கம்: வாஷிங்டன் எங்கே, ஆள் எத்தனை, பீரங்கி எத்தனை, சல்லிவன் எங்கே என்ற கேள்விகள். குவேக்கர் சபைக் குறிப்பின் நடை அப்படியே வேறு.

காங்கிரஸில் குவேக்கர் நடைமுறை தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அரை மணியில் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் இந்தத் தாள் வெறும் தீக்குச்சிதான், விறகு ஏற்கெனவே அடுக்கியிருந்தது.

கேள்வி: என்ன விறகு? அவர்கள் உள்ளுக்குள் பிரிட்டிஷ் பக்கம்தானே?

சிலர் மனசு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது உண்மை. மழுப்ப வேண்டியதில்லை. கைதானவர்களில் ஒருவரான ஹென்றி டிரிங்கரின் 'ஜேம்ஸ் அண்ட் டிரிங்கர்' நிறுவனம் 1773-ல் கிழக்கிந்தியக் கம்பெனித் தேயிலையை வாங்கி விற்க நியமிக்கப்பட்ட பிலடெல்பியா நிறுவனங்களில் ஒன்று. வார்ட்டன் குடும்பத்து நிறுவனமும் அதே பட்டியலில். ஃபிஷர் சகோதரர்கள் 1776-ல் காங்கிரஸ் அச்சிட்ட காகிதப் பணத்தை வாங்க மறுத்தார்கள். போருக்காக அச்சிட்ட பணம், அதைத் தொட்டால் போரில் பங்கு என்பது அவர்கள் கணக்கு. எதிரே நிற்பவனுக்கு அது கஜானாவில் வைத்த வெடி. பணத்தின் மதிப்பு சரியச் சரிய இந்தக் கோபமும் ஏறியது.

1776 ஜனவரி 20 அன்று குவேக்கர் பிரதிநிதிகள் ஓர் அறிக்கை விட்டார்கள்: அரசுகளை நிறுவுவதும் கவிழ்ப்பதும் கடவுளின் வேலை, நம்முடையதல்ல என்று. கையெழுத்து, பின்னால் கைதான ஜான் பெம்பர்ட்டன். இது, பிரிட்டனிடமிருந்து விடுதலை வேண்டும் என்று வாதாடிய 'காமன் சென்ஸ்' சிறுநூல் வெளிவந்த அதே மாதம். அதை எழுதிய தாமஸ் பெய்ன் சும்மா இருப்பாரா? அடுத்த பதிப்பின் பின்னிணைப்பில் அவர்களை உரித்து எடுத்துவிட்டார். அரசியலில் தலையிடமாட்டோம் என்று சொல்வதற்கே ஓர் அரசியல் அறிக்கை எதற்கு என்பது அவர் வாதம். நியாயமான அடி என்றே நமக்கும் தோன்றுகிறது.

சுதந்திரப் பிரகடனத்தின் முதல் ஆண்டு விழாவான 1777 ஜூலை 4 அன்று ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றாத குவேக்கர் வீடுகளில் கண்ணாடிகள் நொறுங்கின. ஆக, சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. உளவு பார்த்ததற்கு ஆதாரம் மட்டும் கடைசிவரை வரவில்லை. ஒருவர்மீதும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை.

கேள்வி: சத்தியம் செய்வது அவர்கள் மதத்துக்கு விரோதம் என்பதால்தான் விசுவாசப் பிரமாணம் எடுக்கவில்லை என்று படித்தேன். சரியா?

பாதிதான் சரி. பலரும் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

'ஆம்' என்றால் ஆம், 'இல்லை' என்றால் இல்லை. அதற்குமேல் கடவுளைச் சாட்சிக்கு இழுக்கக்கூடாது என்பது குவேக்கர் நெறி. நம் சட்டமன்றத்தில் 'ஆண்டவன் மீது ஆணையாக' என்றும் சொல்லலாம், 'உளமார' என்றும் சொல்லலாம் அல்லவா, அதுபோன்ற மாற்று வாசகம் இங்கிலாந்தில் 1690-களிலேயே குவேக்கர்களுக்குச் சட்டப்படி கிடைத்துவிட்டது. பென்சில்வேனியா 1777 ஜூன் 13-ல் போட்ட சட்டத்திலும் அந்தக் கதவு திறந்தே இருந்தது. 18 வயதைத் தாண்டிய வெள்ளை ஆண்கள் எல்லாரும் சத்தியமாகவோ உறுதிமொழியாகவோ சொல்லலாம் என்றுதான் வாசகம்.

ஆக, சிக்கல் சொல்லும் விதத்தில் இல்லை, சொல்லவேண்டிய விஷயத்தில். பிரிட்டிஷ் ராஜா மூன்றாம் ஜார்ஜுக்கு இனி விசுவாசமில்லை, பென்சில்வேனியா சுதந்திர நாட்டுக்கே விசுவாசம் என்று அறிவிக்கவேண்டும். போர் முடியாத நிலையில் அப்படி அறிவிப்பது ஒரு படையின் பக்கம் நிற்பது என்று அவர்கள் கருதினார்கள். இதே காரணத்துக்காக, ராஜாவுக்கு விசுவாசம் என்று ஹோவிடம் எழுதிக்கொடுத்திருந்தாலும் தவறுதான்.

மறுத்தவர்களுக்கு ஓட்டு இல்லை, கடன் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது, நிலம் வாங்கவோ விற்கவோ முடியாது. சான்றிதழ் இல்லாமல் மாவட்டம் தாண்டினால் பிடித்து அடைக்கலாம். 1778-ல் இரட்டை வரியும் சேர்ந்தது. இந்தச் சட்டங்கள் முழுதாகப் போனது 1789-ல்.

மேசன் லாட்ஜில் இருந்தவர்களுக்கு முன்னாலும் இதே உறுதிமொழித் தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் அன்று சாயங்காலமே வீடு. ஒற்றன் என்றால் அவன்தான் முதலில் போட்டிருப்பான், பிறகு நிம்மதியாக வேலையைத் தொடர்ந்திருப்பான். இந்தச் சோதனையில் உண்மையான உளவாளி தேறிவிடுவான், மனசாட்சிக்காரன் மாட்டிக்கொள்வான். கவுன்சிலில் இருந்த புத்திசாலிகளுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

கேள்வி: வழக்கறிஞராக இருக்கிறேன். ஆட்கொணர்வு மனு போடவில்லையா?

போட்டார்கள், ஜெயித்தும் தோற்றார்கள். தங்களை ஒருமுறையாவது விசாரிக்கும்படி கைதிகள் கேட்டார்கள். காங்கிரஸும் விசாரிக்கச் சொல்லிற்று. கவுன்சில் நேரமில்லை என்று கைவிரித்தது. மாகாணத் தலைமை நீதிபதி தாமஸ் மெக்கீன் ஆட்கொணர்வு ஆணை பிறப்பித்தார். அவர் விடுதலைப் போரின் பக்கம் நின்றவர், ஆனாலும் சட்டப்படி கேட்டால் மறுக்க முடியாது என்று கொடுத்தார். ஆணை ரெடிங் ஊரில் வண்டிகளை எட்டிப் பிடித்தது. காவலர்கள் அதை மதிக்கவில்லை. செப்டம்பர் 16 அன்று சட்டசபை, இந்தக் கைதிகளுக்கு ஆட்கொணர்வு செல்லாது என்றும், பிடித்த அதிகாரிகள்மீது வழக்கு இல்லை என்றும் சட்டமே இயற்றிவிட்டது. பிறந்தபின் எழுதிய ஜாதகம்.

கேள்வி: வர்ஜீனியாவில் எங்கே வைத்திருந்தார்கள்? ஜெயிலா? செலவை யார் பார்த்தார்கள்?

ஜெயில் இல்லை. ரெடிங், லெபனான், ஹாரிஸ் படகுத்துறை, கார்லைல், ஷிப்பன்ஸ்பர்க் வழியாகப் போய், பொட்டோமக் ஆற்றைக் கடந்து, செப்டம்பர் 29-ல் வின்செஸ்டர் சேர்ந்தார்கள். 18 நாள். ரெடிங்கில் இவர்களைப் பார்க்க வந்த குவேக்கர்கள்மீது கல் விழுந்தது. வின்செஸ்டரிலும் ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று திரண்டார்கள். பிலிப் புஷ் என்பவர் நடத்திய விடுதியில் தங்கவைத்தார்கள், பிறகு சிலர் சுற்றுவட்டாரத்துக் குவேக்கர் வீடுகளுக்கு மாறினார்கள். அருகில் ஹோப்வெல் என்ற பழைய குவேக்கர் கூட்டம் இருந்ததால் பிழைத்தார்கள்.

செலவு அவர்கள் தலையில். சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் சொந்தக் காசு. இங்கேதான் ஓவன் ஜோன்ஸ் இளையவர் மாட்டினார். அவர் கையில் தங்கக் காசு, கடைத்தெருவில் செல்வது காங்கிரஸ் காகிதம். தங்கத்தைக் கொடுத்துக் காகிதத்தை மலிவாக வாங்கினால் காகிதத்தின் மதிப்பைக் குலைக்கிறார் என்று அர்த்தம். அதுவே புதுக் குற்றமாகிவிட்டது. இன்னும் தெற்கே ஸ்டான்டனுக்கு எல்லாரையும் தள்ளிவிடுவோம் என்று காங்கிரஸின் போர் வாரியம் மிரட்டியது.

அவர்களுக்காக ஓடியாடியவர்களில் ஒருவர் ஐசக் ஸேன் இளையவர். ஜான் பெம்பர்ட்டனின் மைத்துனர், பக்கத்திலேயே மார்ல்பரோ இரும்பு உலைக்குச் சொந்தக்காரர். அந்த உலையில் வாஷிங்டன் படைக்குப் பீரங்கிக் குண்டு வார்த்தார்கள். குண்டு வார்க்கிற மைத்துனர், குண்டைத் தொடாத அக்காள் புருஷனுக்காக மன்றாடுகிறார். இப்படிப்பட்ட குடும்பங்கள் அன்றைக்கு நிறைய.

குளிர்காலத்தில் நோய் வந்தது. 1778 மார்ச் 2-ல் தாமஸ் கில்பின் இறந்தார். ஜான் ஹன்ட்டுக்குக் கால் அழுகி, காலை எடுத்தும் பயனில்லாமல் மார்ச் 31-ல் போய்விட்டார். இருவரையும் ஹோப்வெல் இடுகாட்டில் புதைத்தார்கள்.

கேள்வி: மனைவிமார்கள் வாஷிங்டனையே நேரில் பார்த்தார்களாமே?

பார்த்தார்கள். பயணத்தின் சிக்கலைப் புரிந்துகொண்டால்தான் அதன் துணிச்சல் புரியும். பிலடெல்பியா 1777 செப்டம்பர் 26 முதல் ஹோவ் கையில். காங்கிரஸ் யார்க் ஊருக்கு ஓடியிருந்தது, பென்சில்வேனியா அரசு லங்காஸ்டரில். கணவர்கள் இருப்பது வர்ஜீனியாவில். அதாவது பிரிட்டிஷ் காவல் வரிசையைத் தாண்டி, அமெரிக்கக் காவல் வரிசையைத் தாண்டி, இரண்டு அரசாங்கத்தில் எது பொறுப்பு என்று கண்டுபிடித்து மனுக் கொடுக்கவேண்டும். காங்கிரஸைக் கேட்டால் பென்சில்வேனியா என்பார்கள், பென்சில்வேனியாவைக் கேட்டால் காங்கிரஸ் என்பார்கள். நாற்காலிக்கு நாற்காலி கோப்பு நகர்வது பழைய வியாதி.

எலிசபெத் டிரிங்கர், மேரி பிளசன்ட்ஸ், சூசன்னா ஜோன்ஸ், ஃபீபி பெம்பர்ட்டன் ஆகிய நால்வரும் 1778 ஏப்ரல் 5-ல் நாலு குதிரை பூட்டிய வண்டியில் கிளம்பினார்கள். துணைக்கு இஸ்ரேல் மாரிஸ். மறுநாள் வேலி ஃபோர்ஜ் முகாம். மார்த்தா வாஷிங்டன் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். பிறகு தளபதி வந்தார், தன் அதிகாரிகளோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்தார். எலிசபெத்தின் நாட்குறிப்பில் சாப்பாட்டைக்கூட விடாமல் குறித்திருக்கிறார்.

வாஷிங்டன் விடுதலை செய்யவில்லை, அது தன் அதிகாரத்தில் இல்லை என்றார். லங்காஸ்டர் வரை போக அனுமதிச் சீட்டும், கவுன்சில் தலைவர் வார்ட்டனுக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். இவர்கள் மிகவும் துயரத்தில் இருக்கிறார்கள், மனிதாபிமானம் இவர்களுக்காகப் பலமாக வாதாடுகிறது என்ற பொருளில் அதில் ஒரு வரி.

ஏப்ரல் 10-ல் லங்காஸ்டர் போனால், கைதிகளை அழைத்துவரக் கவுன்சில் உத்தரவு போட்டிருந்தது. இரண்டு சாவு, காங்கிரஸின் கைகழுவல் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே மனசு மாறியிருந்தது. உத்தரவின் வால் பகுதியைக் கவனியுங்கள்: கைது செய்த செலவு, வர்ஜீனியா கொண்டுபோன செலவு, திரும்பக் கொண்டுவரும் செலவு அத்தனையும் கைதிகளே கட்டவேண்டும். ஏப்ரல் 25-ல் எலிசபெத்தும் ஹென்றியும் லங்காஸ்டரில் சந்தித்தார்கள். ஏப்ரல் 30-ல் வீடு. ஏறக்குறைய 8 மாதம்.

கேள்வி: குவேக்கர் ஆவணங்களை இணையத்தில் படிக்கிறேன். "9 மாதம் 2" என்றெல்லாம் இருக்கிறது. எப்படிக் கணக்கிடுவது?

கிழமை, மாதப் பெயர்கள் பழைய தெய்வங்களின் பெயர் என்பதால் குவேக்கர்கள் எண்ணால் மட்டுமே சொல்வார்கள். ஞாயிறு 'முதல் நாள்', சனி 'ஏழாம் நாள்'. 1752 முதல் கணக்கு சுலபம்: 1-ம் மாதம் ஜனவரி. ஆகவே '9 மாதம் 2, 1777' என்றால் 1777 செப்டம்பர் 2, கைது தொடங்கிய நாள். 'மூன்றாம் நாள்' என்று சேர்த்திருந்தால் செவ்வாய்.

1752-க்கு முன்னால் போனால் எச்சரிக்கை. அப்போது ஆண்டு மார்ச் 25-ல் பிறந்தது, 1-ம் மாதம் மார்ச். எல்லா ஆயுதத்தையும் மறுத்து இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸிடம் குவேக்கர்கள் கொடுத்த அறிக்கையின் தேதி '11 மாதம் 21, 1660'. நவம்பர் 1660 என்று எழுதிவிடாதீர்கள், நம் கணக்கில் அது 1661 ஜனவரி. அச்சான புத்தகங்களிலேயே இந்தத் தவறு உண்டு.

கேள்வி: வரி கட்டமாட்டார்கள், படைக்குப் போகமாட்டார்கள் என்றால் அரசு சும்மா விட்டதா?

ஜப்திதான். படைப் பயிற்சிக்குப் போகாதவருக்கு அபராதம். அபராதம் கட்டுவதும் போருக்குக் கொடுப்பதுதான் என்று கட்டமாட்டார்கள். அதிகாரி வருவார், கதவைத் திறந்துவிடுவார்கள், அவர் பொருளை எடுத்துப்போவார். தடுக்கவும் மாட்டார்கள், மீதிப் பணத்தைக் கேட்டு அலையவும் மாட்டார்கள். ஆனால் எழுதிவைப்பார்கள்: தேதி, எடுத்தவர் பெயர், கேட்ட தொகை, எடுத்த பொருளின் மதிப்பு. டிரிங்கர் வீட்டில் ஒருமுறை போனவற்றில் முகம் பார்க்கும் கண்ணாடியும் ஈயக்கலவைத் தட்டுகளும் உண்டு. இந்தக் குறிப்புகள் மாதாந்திரக் கூட்டத்துக்குப் போய், அங்கிருந்து 'பாடுகளுக்கான கூட்டம்' என்ற நிலைக்குழுவுக்குப் போகும். பிலடெல்பியாவில் அது 1756-ல் தொடங்கியது.

உள்ளேயும் கண்டிப்பு உண்டு. படையில் சேர்ந்தவரையோ பிரமாணம் எடுத்தவரையோ முதலில் இரண்டு மூன்று பேர் வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள். தவறு என்று எழுதிக்கொடுத்தால் அந்தத் தாளைக் கூட்டத்தில் வாசித்து முடித்துவிடுவார்கள். மறுத்தால் விலக்கல் அறிக்கை. விலக்கப்பட்டவர் வழிபாட்டுக்கு வரலாம், சபை நடவடிக்கையில் உட்கார முடியாது. அப்படி வெளியே போனவர்கள் சேர்ந்து 'சுதந்திரக் குவேக்கர்' என்று தனி அமைப்பு தொடங்கினார்கள். 1783-ல் அவர்கள் கட்டிய கூடம் பிலடெல்பியாவில் இன்றும் நிற்கிறது. மாட்லாக்கும் அதில் ஓர் உறுப்பினர்.

கேள்வி: வீடு திரும்பியதோடு முடிந்ததா?

இல்லை. 1778 ஜூன் 18-ல் பிரிட்டிஷ் படை ஊரைக் காலி செய்ததும் கணக்குத் தீர்ப்பு ஆரம்பித்தது. ஆபிரகாம் கார்லைல், ஜான் ராபர்ட்ஸ் என்ற இரண்டு குவேக்கர்களைத் தேசத்துரோகம் என்று நவம்பர் 4-ல் தூக்கிலிட்டார்கள். இவர்கள் எதிரிக்கு உதவினார்கள் என்பதற்குச் சாட்சிகள் வந்தார்கள், அது வேறு விஷயம். ராபர்ட்ஸ்மீது வந்த குற்றச்சாட்டுகளில், வர்ஜீனியாவுக்குப் போகும் வழியில் கைதிகளை மீட்கக் குதிரைப்படை அனுப்பும்படி பிரிட்டிஷாரைக் கேட்டார் என்பதும் ஒன்று. தண்டித்த ஜூரிகளே கருணை காட்டச் சொல்லியும் கேட்கவில்லை.

வர்ஜீனியா போய்த் திரும்பிய பெம்பர்ட்டன் சகோதரர்களில் மூத்தவர் இஸ்ரேல் 1779-ல் இறந்தார். அவருடைய மனைவி முந்தின ஆண்டே போய்விட்டார். அந்தக் கைதிகளில் இன்னொருவரான சாமுவேல் ஃபிஷர் நியூயார்க்கில் இருந்த சகோதரருக்கு வியாபாரக் கடிதம் ஒன்று எழுதினார். அது பிடிபட்டு, 1779-ல் மறுபடியும் கைது. ஜாமீன் தருகிறோம் என்றார்கள். ஜாமீன் எழுதிக்கொடுத்தால் இந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று மறுத்தார். மன்னிப்புக் கேட்டால் விடுகிறோம் என்றார்கள். கேட்கவில்லை. ஏறக்குறைய 2 வருடம் பிலடெல்பியாச் சிறையில் இருந்தார். 1781-ல், அவர் கேட்காமலேயே, மன்னிப்பு என்று எழுதி வெளியே அனுப்பினார்கள்.